மேலிருந்து ஒன்பதாவது கடிதம்

வசந்தாம்மா அன்றைக்கு உட்காரவே இல்லை. தன் வீட்டுக்காரரை என் மேஜைக்கு எதிரே இருந்த நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, தான் மட்டும் அவர் முதுகுக்குப் பின்னால் கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி நின்றார். ஆளைத் தப்பவிடாமல் கொண்டுவந்து சேர்த்துவிட்ட திருப்தி முகத்தில் தெரிந்தது.

“மேடம், மேலேர்ந்து ஒம்போதாவது எடு. அத்த மட்டும் படி. வேற எதுவும் வேணாம்” என்றார்.

வீட்டுக்காரர் பெயர் ஏகாம்பரம். எழுபதை நெருங்குகிறவர். முழங்கை வரைக்கும் வெல்டிங் பொறி பட்ட சின்னச் சின்னத் தழும்புகள். சிரிப்பை வாய்க்குள்ளேயே அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“படிங்க மேடம். நான் இன்னா எழுதனேன்னு எனுக்கும் தெரியணுமில்ல?”

வழக்கு இதுதான். மாங்காட்டில் அவர்கள் வீட்டுக்கு மாடி எடுத்து முடித்திருந்தார்கள். அடுத்த மாதம் பால் காய்ச்சுவதாக இருந்தது. வாசலில் பெயர் வைக்கவேண்டும். ஏகாம்பரம் செத்துப்போன தன் அம்மாவின் பெயரைச் சொன்னார்: கன்னியம்மாள் இல்லம். வசந்தாம்மா, “நீ சைட்ல இருந்தப்ப, ஊட்டுக்கு என் பேருதான்னு லெட்டர் போட்டியே” என்றார். “நான் எப்ப போட்டேன்?” என்றார் இவர். அந்தக் கடிதம் எங்கள் ஆவணகத்தில், அட்டைப் பெட்டிக்குள் இருந்தது. குமணன்சாவடியில் கல் வெட்டுகிறவரிடம் முன்பணம்கூடக் கொடுத்தாகிவிட்டது. வெள்ளிக்கிழமை உளி வைத்துவிடுவார். அன்றைக்குத் திங்கள்.

நான் பெட்டியைத் திறந்தேன். மேலிருந்து எண்ணி ஒன்பதாவது இன்லேண்ட் லெட்டரை எடுத்து விரித்தேன். தொண்டையைச் சரிசெய்துகொண்டு படித்தேன்.

“அன்புள்ள வசந்தாவுக்கு ஏகாம்பரம் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். அங்கு உன் நலமும் அம்மா நலமும் அறிய ஆவல். வெள்ளாடு குட்டி போட்டதா? கிடாவா பெட்டையா என்று தெரியப்படுத்தவும். கிடா என்றால் என் மாமாவிடம் சொல்லாதே, கேட்பார்.”

அவ்வளவுதான் கடிதம்.

ஏகாம்பரத்தின் சிரிப்பு அணை உடைந்து வெளியே வந்தது. “ஆட்டப் பத்தி கேக்கவா என்ன ஆட்டோ வச்சி இட்டாந்த?” என்று திரும்பிப் பார்த்துக் கேட்டார்.

வசந்தாம்மா அவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

“இது அது இல்ல. எண்ணத் தெரியுமில்ல மேடம் ஒனுக்கு?”

எண்ணத் தெரியும். இருபத்திரண்டு வருஷம் எண்ணிச் சம்பளம் வாங்கியவள் நான். தப்பு எண்ணியதில் இல்லை. அதற்கு மூன்று வாரம் முன்பே, யாரும் பார்க்காதபோது நடந்துவிட்டது.

தேதி என்கிற வியாதி

இந்தத் தொடரைப் புதிதாகப் பிடித்திருப்பவர்களுக்கு: நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியின் டைம் ஆபீஸில் வேலை பார்த்தவள். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், எப்போது வெளியே போனார் என்று கார்டு கார்டாக அடுக்குவது என் வேலை. தேதி வரிசை ஒரு கார்டு பிசகினால் மாதக் கடைசியில் முந்நூறு பேர் ஜன்னலில் வந்து நிற்பார்கள். அந்தப் பயம் ரத்தத்தில் ஊறிவிட்டது. வீட்டில் மிளகாய்த்தூள் டப்பாவில்கூட அரைத்த தேதி எழுதி ஒட்டியிருப்பேன். என் கணவர், “நம்ம கல்யாணத் தேதியை மட்டும் என் நெத்தியில ஒட்டலை” என்பார்.

கம்பெனி விருப்ப ஓய்வு என்று ஒரு காகிதத்தை நீட்டியது. என் விருப்பத்தை யாரும் கேட்கவில்லை என்றாலும் கையெழுத்துப் போட்டேன். அப்புறம் ஆறு மாதம் வீட்டில் இருந்து எல்லோருடைய பிராணனையும் வாங்கினேன். அதற்குப் பிறகுதான் இந்த ஆவணக வேலை.

ஆவணகம் என்றதும் பெரிய தூண், பெரிய படிக்கட்டு என்று கற்பனை செய்யவேண்டாம். குமணன்சாவடியிலிருந்து பூந்தமல்லிக்குப் போகிற வழியில், முன்பு கல்யாண மண்டபமாக இருந்த ஒரு கட்டடத்தின் மாடி. பந்தி நடந்த ஹால்தான் எங்கள் வாசிப்பறை. மெட்ரோ தூண் வேலை நடந்த காலம் என்பதால் ஜன்னலைத் திறந்தால் சிமெண்ட் தூசி வரும். மழை நாளில் சுவரிலிருந்து லேசாக ரச வாசனை வரும் என்று நான் சொல்வதை மட்டும் இன்றுவரை ஒருவரும் ஒப்புக்கொள்வதில்லை.

பெரிய மனிதர்களின் கடிதங்களைப் பாதுகாக்க நாட்டில் இடம் இருக்கிறது. எங்கள் இடம் மற்றவர்களுக்கு. ஆவடியில் ஒருவர், நாற்பது வருஷமாகப் பக்கத்து வீட்டுக்காரருக்கு எழுதி, கொடுக்காமலே வைத்திருந்த புகார்க் கடிதங்களைக் கொண்டுவந்து தந்தார். எல்லாமே முருங்கை மரம் ஒன்றைப் பற்றியவை. ஐயப்பன்தாங்கல் ஃப்ளாட்டில் இருக்கும் ஐ.டி. கம்பெனிப் பெண் ஒருத்தி, ஹாஸ்டல் நாட்களில் அவள் அப்பா எழுதிய தபால் அட்டைகளைத் தந்தாள். ஒவ்வொன்றின் முடிவிலும் ‘தலைக்கு எண்ணெய் வை’ என்று இருந்தது.

எங்கள் பொறுப்பாளர் தணிகாசலம் சார். மெதுவாகப் பேசுகிறவர், அதைவிட மெதுவாகச் சாப்பிடுகிறவர். நான் சேர்ந்த முதல் நாளே சொன்னார்.

“வந்த வரிசைதாம்மா வரிசை. அது எவ்வளவு கோணலா இருந்தாலும் சரி. தொடுறதுக்கு முன்னாடி பென்சிலால மூலையில நம்பர் போட்டுடணும். அப்புறம்தான் மத்ததெல்லாம்.”

தலையாட்டினேன். டைம் ஆபீஸில் இருபத்திரண்டு வருஷம் குப்பை கொட்டியவளுக்கு இவர் என்ன புதிதாகச் சொல்லிவிடப்போகிறார் என்ற நினைப்பு.

கம்பியின் சட்டம்

வசந்தாம்மா முதல்முறை வந்தது ஒரு ஜவுளிக்கடைப் பையோடு. பைக்குள்ளிருந்து அவர் வெளியே எடுத்தது ஒரு கம்பி. சைக்கிள் சக்கரக் கம்பி கனம், மேலே கொக்கி, கீழே ஒரு மரக்கட்டை. அதில் குத்திக் கோத்த நீல நிற இன்லேண்ட் லெட்டர்கள், ஒரு முழ உயரத்துக்கு.

செல்போனோடு பிறந்தவர்களுக்கு இது தெரிந்திருக்காது. அப்போதெல்லாம் வீட்டுக்கு வீடு சுவரில் இப்படி ஒரு கம்பி தொங்கும். கடிதம் வந்தால் படித்துவிட்டு அதில் குத்திவிடுவார்கள். கரண்டு பில், ரசீது எல்லாம் அதில்தான். ஓரத்தில் மஞ்சள் தடவிய கடிதம் கம்பிக்குப் போகும். கருப்பு மை தடவிய கடிதம் போகாது. சாவுச் செய்தியைப் படித்த இடத்திலேயே கிழித்துப் போட்டுவிடுவார்கள். அதனால் எங்களிடம் வரும் எந்தக் கம்பியிலும் யாரும் செத்திருக்க மாட்டார்கள். எல்லோருக்கும் கல்யாணமும் காதுகுத்தும் மட்டுமே நடந்துகொண்டிருக்கும்.

“கரையான் வருது மேடம். பழைய அலமாரி எல்லாத்தியும் கடைல போட்டாச்சு. இத்தப் போட மனசு வரல” என்றார் வசந்தாம்மா.

ஏகாம்பரம் வடக்கே எங்கெங்கோ கம்பெனி சைட்டுகளில் பதினோரு வருஷம் வெல்டராக இருந்திருக்கிறார். அந்தப் பதினோரு வருஷம்தான் கம்பியில் இருந்தது. வசந்தாம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. சின்ன வயதில் அப்பா அம்மாவோடு நாற்று நட்டவர், அப்புறம் எஸ்டேட்டில் ஒரு கேன்டீனில் இட்லி ஊற்றியவர். நம்பர் தெரியும், பஸ் ஏறிவிடுவார். எழுத்துதான் தெரியாது. கடிதங்களைப் படித்துக் காட்டியது பக்கத்து வீட்டில் தையல் மெஷின் போட்டிருந்த பிலோமினா. அந்த அம்மாள் இப்போது அரக்கோணத்தில் மகள் வீட்டோடு போய்விட்டார்.

“நான் வந்தா படிச்சிக் காட்டுவீங்களா? ஊட்ல புள்ளைங்ககிட்ட போயி இத்தப் படின்னு சொல்ல வெக்கமா கீது.”

எப்போது வேண்டுமானாலும் வாருங்கள் என்றேன். படிவத்தில் கட்டைவிரல் ரேகை வைத்தார். மையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, கம்பியை ஒருதரம் தடவிவிட்டுப் போனார்.

அந்த வாரம் தணிகாசலம் சார் மகள் நிச்சயதார்த்தத்துக்கு லீவு. நான், கம்பி, பந்தி மேஜை. வெளியே மெட்ரோக்காரர்கள் துளை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

கோத்த கடிதங்களை லேசாகத் திருப்பிப் பார்த்தேன். எனக்குப் பகீரென்றது. தபால் முத்திரையில் மேலே ஒரு வருஷம், அதற்கு அடியில் ஐந்து வருஷம் முந்தையது, அதற்கு அடியில் கடைசி வருஷம். மார்ச்சுக்குப் பக்கத்தில் நவம்பர். டைம் ஆபீஸில் ஒருவன் கார்டை இப்படி வைத்திருந்தால் மெமோ கொடுத்திருப்பேன். எழுதப்படிக்கத் தெரியாத பெண், கைக்கு வந்தபடி குத்தியிருக்கிறாள், இதற்கு என்ன வரிசை என்று நினைத்தேன். உருவினேன். நூற்றுப் பன்னிரண்டு கடிதங்களையும் தேதிவாரியாக அடுக்கினேன். பென்சில் நம்பரும் போட்டேன், அடுக்கி முடித்த பிறகு. அன்று மத்தியானம் எனக்கு நானே ஒரு காப்பி வாங்கிக் கொடுத்துக்கொண்டேன்.

மாமியார்கூடச் செய்யாத வேலை

இதைத்தான் திங்கட்கிழமை அந்த இருவர் முன்னால் ஒப்புக்கொள்ளவேண்டி இருந்தது. ஒப்புக்கொண்டேன். முகம் சுண்டிப்போய், “நான்தான் மாத்திட்டேன் வசந்தாம்மா. தேதி பார்த்து அடுக்கிட்டேன்” என்றேன்.

“தேதியா? தேதிய வச்சிகினு நான் இன்னா பண்ணுவேன்?”

அப்போதுதான் கம்பியின் சட்டம் எனக்குப் புரிந்தது. எல்லாக் கடிதமும் ஒரே நீலம், ஒரே கையெழுத்து. அவருக்கு ஒன்றை இன்னொன்றிலிருந்து பிரித்துக்காட்டியது அது இருந்த இடம்தான். சண்டை போட்டு எழுதியது எல்லாம் அடியில். ஆடு, மாடு, ரேஷன் கார்டு நடுவில். திரும்பத் திரும்பக் கேட்கப் பிடித்தவை மேலே, ஆனால் உச்சியில் இல்லை.

“மேலாக்கா கீறத எங்க மாமியாரு எடுத்துகினு போயி நாலு பேருகிட்ட படிக்கக் குடுக்கும். அதனால எட்டு லெட்டரு சும்மா மேல வச்சிருப்பேன். ஒம்போதுலேர்ந்து என்னுது.”

கம்பியைத் தொங்கவிட்டபடியே, கட்டைவிரலால் ஓரத்தைத் தள்ளித் தள்ளி எண்ணி, வேண்டியதை உருவிப் பிலோமினாவிடம் ஓடுவாராம். இப்படி ஒரு நூலகம் நடத்தியிருக்கிறார். நான் அதை மூன்று மணி நேரத்தில் கலைத்துப் போட்டிருக்கிறேன்.

“எங்க மாமியாரே பண்ணாத வேல மேடம் நீ பண்ணது” என்றார். திட்டவில்லை. வருத்தமாகச் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை.

ஏகாம்பரத்துக்குச் சிரிப்பு அடங்கியிருந்தது. “உடு வசந்தா. அந்தம்மா இன்னா வேணும்னேவா பண்ணிச்சு” என்றார்.

“வெள்ளிக்கிழமைக்குள்ள கண்டுபிடிச்சுத் தர்றேன்” என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று தெரியாது.

ஓட்டைகளின் சாட்சி

மூளை உள்ளவள் என்ன செய்வாள்? நூற்றுப் பன்னிரண்டையும் படித்து, வாக்குறுதி இருக்கும் கடிதத்தை எடுத்துவிடுவாள். நானும் அதைத்தான் செய்தேன். செவ்வாய் மத்தியானத்துக்குள் எல்லாவற்றையும் படித்துவிட்டேன். ஆடு இருந்தது, கிணற்று மோட்டார் வாஷர் இருந்தது, அம்மாவின் மூட்டுவலித் தைலம் இருந்தது. சைட் சாப்பாட்டைப் பற்றி ஒரு கடிதம் முழுக்கப் புலம்பல். வீட்டுக்கு வசந்தா பெயர் வைப்பேன் என்று ஒரு இடத்திலும் இல்லை.

ஏதாவது தொலைந்துவிட்டதோ என்று மேஜைக்கு அடியில் தவழ்ந்து பார்த்தேன். எங்கும் இல்லை.

செவ்வாய் சாயங்காலம் வசந்தாம்மா உதவிக்கு வந்தார். “கறையப் பாத்தா சிலது நெனப்பு வரும்” என்றார். ஒரு கடிதத்தைத் தூக்கிப் பிடித்தார். மூலையில் எண்ணெய்க் கறை.

“இது வட சுட்டுகினு இருந்தப்ப வந்திச்சு. இதுல, ராத்திரி நெலாவப் பாத்தா ஒன் மூஞ்சிதான் தெரியுது, தூக்கமே வரலன்னு எழுதியிருப்பாரு.”

நான் கடிதத்தைப் பார்த்தேன். அதில் இருந்தது: ‘மோட்டார் வாஷர் தோல் வாஷராக வாங்கவும். ரப்பர் வேண்டாம்.’

இன்னொன்றை எடுத்தார். மோர் கொட்டிய கறை. “நீ இல்லாம நான் தண்ணி இல்லாத மீனுன்னு.” காகிதத்தில் இருந்தது மூட்டுவலித் தைலம்.

மூன்றாவது கடிதத்துக்குள் எனக்கு விளங்கிவிட்டது. பிலோமினா எப்படிப்பட்டவர் என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். “அக்காவா? மெஷின் மிதிச்சிகினே தொடர்கதை படிக்கும். எந்த வாரப் பத்திரிகை வந்தாலும் மொதல்ல அதுக்குத்தான் வேணும். தொடர்ல பொண்ணு அழுதா இதுவும் அழுவும்” என்றார். இந்த வரியை எழுதும்போது என் எடிட்டரை நினைத்துச் சிரித்துக்கொள்கிறேன். வாரப் பத்திரிகைகள் எந்தெந்த வீட்டில் என்னென்ன செய்திருக்கின்றன என்று அவருக்கும் தெரியட்டும்.

பிலோமினா படித்துக் காட்டவில்லை, சேர்த்துப் படித்திருக்கிறார். ஏகாம்பரம் வாஷர் கேட்டிருக்கிறார், அந்த அம்மாள் நிலாவைக் கொடுத்திருக்கிறார்.

வசந்தாம்மாவிடம் அன்று நான் வாயைத் திறக்கவில்லை. அப்போதும் எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. அந்த ஒன்பதாவதில், அவசரத்தில் படித்து நான் கவனிக்காமல் விட்ட ஒரு சொல்லாவது இருக்காதா?

புதன்கிழமை ஒன்பதாவது கிடைத்தது. அதற்கு வழிகாட்டியது வசந்தாம்மா முந்தின நாள் பேச்சுவாக்கில் சொன்ன கூரை ஒழுகல். ஏகாம்பரம் ஊர் திரும்பி, கடிதம் வருவதே நின்றுபோன பிறகு ஒரு ஐப்பசி மழையில் கம்பிக்கு மேலே ஒழுகியிருக்கிறது. அதற்கப்புறம் வசந்தாம்மா கம்பியின் வரிசையை மாற்றவில்லை. உச்சியில் இருந்த கடிதத்தில் கறை உள்ளங்கை அகலம். அடுத்ததில் கொஞ்சம் சின்னது. இப்படியே இறங்கி இறங்கிக் காசளவாகி, மிளகளவாகி, பதினேழாவதோடு கறை முடிந்தது. பந்தி மேஜையில் இலை போடுகிற மாதிரி பதினேழையும் வரிசையாகப் பரப்பினேன். ஒன்பதாவது தானாக வந்து உட்கார்ந்தது.

அதன் நடுவில் ஏழு ஓட்டைகள் இருந்தன. மற்றவற்றில் ஒன்றோ இரண்டோதான். ஒவ்வொரு தரம் உருவிக் கேட்டுவிட்டு, மாமியார் வருவதற்குள் அவசரமாகத் திரும்பக் குத்தியிருக்கிறார். ஒரு பெண் ஒரு கடிதத்தை எத்தனை தரம் நேசித்தாள் என்று இவ்வளவு சுத்தமாகக் கணக்குச் சொன்ன சான்று எனக்கு அதற்குப் பிறகும் கிடைத்ததில்லை.

படித்தேன். வாக்குறுதி இந்தத் தடவையும் அதில் இல்லை.

நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உண்மையைச் சொல்கிறேன், கண்ணில் தண்ணீர் வந்தது.

தணிகாசலம் சாரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். நான் வரிசையைக் கலைத்ததற்கு அவர் ஒரு பெருமூச்சு மட்டும் விட்டார். பிலோமினா கதைக்கு வாய்விட்டுச் சிரித்தார். “படிக்கிறப்ப ஒரு வரி சேர்த்துட்டா என்ன சார்? கல்யாணமாகி நாற்பது வருஷம். ஒரு வரிதானே?” என்று கேட்டேன்.

“பிலோமினாம்மா செஞ்சா அது பாசம். நாம செஞ்சா திருட்டு” என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனாலும் வியாழக்கிழமை குளித்துக்கொண்டே அந்த ஒரு வரியை நான் ஒத்திகை பார்த்தேன் என்பதை இங்கே மறைக்கப்போவதில்லை. நன்றாகவே வந்தது.

நிலைக்கு மேலே ஒரு முழம்

வியாழன் பதினொரு மணிக்கு வந்தார்கள். இந்தத் தடவை வசந்தாம்மா உட்கார்ந்தார். ஏகாம்பரம் பக்கத்து நாற்காலியில். மேஜையில் ஏழு ஓட்டைக் கடிதம்.

“இதுதான் ஒன்பதாவது. சந்தேகமே இல்லை” என்றேன்.

வசந்தாம்மா அதைத் தொட்டுப் பார்த்தார். ஓட்டைகள்மேல் விரல் நின்றது. “எத்தினி தபா குத்திகிறேன் பாரு” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

ஒத்திகை பார்த்த வரி என் நாக்கு நுனியில் இருந்தது. அந்த விரலைப் பார்த்ததும் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உள்ளதை உள்ளபடி படித்தேன்.

“அன்புள்ள வசந்தாவுக்கு ஏகாம்பரம் எழுதிக்கொள்வது. நலம், நலமறிய ஆவல். அஸ்திவாரத்தில் தண்ணீர் தேங்கவிடாதே. ஜன்னல் கம்பி நான் வந்து அடிக்கிறேன், வேறு ஆளிடம் விடாதே. வாசக்கால் வைக்கும்போது மேஸ்திரியிடம் சொல்லி நிலைக்கு மேலே ஒரு முழம் இடம் சும்மா விடச் சொல். அதில் ஆணி அடிக்கவோ படம் மாட்டவோ வேண்டாம். அம்மாவுக்குத் தைலம் தீர்ந்திருக்கும், வாங்கிக் கொடு. இப்படிக்கு ஏகாம்பரம்.”

நிறுத்தினேன்.

“அப்பால?” என்றார் வசந்தாம்மா.

“அவ்வளவுதான் வசந்தாம்மா.”

“இல்லியே. எடம் உடச் சொல்லிட்டு, அதுல வசந்தா இல்லம்னு ஒம்பேரப் போடுவேன், நான் கட்ற ஊட்டுக்கு நீதான் பேருன்னு...” சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நின்றார். என் முகத்தில் படித்துவிட்டார். எழுத்துதான் தெரியாது அவருக்கு.

“நெலாவும் இல்லியா?” என்று கேட்டார்.

“இல்லை.”

“மீனு?”

தலையாட்டினேன். அதுவும் இல்லை. ஏகாம்பரம் சிரிப்பார் என்று பயந்தேன். வென்றவர் அவர்தானே. அவர் சிரிக்கவில்லை. மனைவியைப் பார்த்தார், கடிதத்தைப் பார்த்தார், தழும்புக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

நான் கேட்டேன். கேட்கக்கூடாதுதான், ஆவணகக்காரி வாயை மூடிக்கொண்டிருக்கவேண்டும். “எதுக்குண்ணே அந்த ஒரு முழம் இடம் விடச் சொன்னீங்க?”

“பேரு வைக்கத்தான். வேற எதுக்கு? நான் வெல்டரு. இரும்புலயே எழுத்து வெட்டி வைக்கலாம்னு.”

“யார் பேரு?”

அதற்கு அவர் கடிதம் எழுதவைத்த கதையை ஆரம்பித்தார். ஏகாம்பரத்துக்கும் எழுதத் தெரியாது, கையெழுத்து மட்டும்தான் போடுவார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. எந்தச் சைட்டுக்குப் போனாலும் கூடவே வந்த ராமநாதபுரத்துக்காரர் ஒருவர்தான் கொட்டகையில் எல்லோருக்கும் எழுதித் தருவாராம். ஞாயிற்றுக்கிழமை வரிசையில் நின்று சொல்லவேண்டும். பின்னால் பத்துப் பேர் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்கள்.

“சொன்னேன்” என்றார் ஏகாம்பரம். “அந்தாளு எழுதாம உட்டுட்டான்.”

வசந்தாம்மா திரும்பிப் பார்த்தார். “இன்னா சொன்ன?”

“அதான், அந்தக்கா படிச்சிச்சே, அதத்தான் சொன்னேன். எழுதறவன் உட்டுட்டான். அக்காவுக்கு எப்படித் தெரிஞ்சிதோ.”

“அப்ப நெலா?”

ஏகாம்பரத்தின் காது இரண்டும் சிவந்துவிட்டன. “அதும்தான் வச்சிக்கோயேன்” என்றார்.

வசந்தாம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் நீர் வழியச் சிரித்தார். “பொய்யி. மெய்யாலுமே பொய்யி சொல்றான் மேடம் இந்தாளு” என்றார். ஏகாம்பரமும் சிரித்தார். பக்கத்து அறையிலிருந்து தணிகாசலம் சார் சாப்பாட்டு டப்பாவோடு எட்டிப் பார்த்தார்.

சிரித்து ஓய்ந்ததும் ஏகாம்பரம் மெல்லச் சொன்னார். “அம்மா போனப்ப நான் இங்க இல்ல வசந்தா. தந்தி வந்து சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சி போச்சு. அதான் பேராவது வைக்கலாம்னு.”

இதற்கு வசந்தாம்மா சொன்ன பதிலை அப்படியே தருகிறேன். “மாடிக்கு ஒங்கம்மா பேரு வையி. எப்பவும் எனுக்கு மேலதான இருந்தாங்க. பழகிப் போச்சு.”

போகும்போது அவர் என்னிடம் ஒரு கட்டளை போட்டார். கம்பியில் இருந்தபடியே அடுக்கவேண்டும். தேதி கீதி எல்லாம் கூடாது. பதினேழுக்குக் கீழே இருந்தவற்றுக்கு அவரே நாலு நாள் வந்து உட்கார்ந்து, நான் படிக்கப் படிக்க இடம் சொன்னார். “இது சண்ட, அடில போடு. இது ஆடு, நடுவுல.” நான் போட்ட பென்சில் நம்பர்களை ஒவ்வொன்றாக அழித்தேன். நூற்றுப் பன்னிரண்டு தரம் ரப்பர் தேய்த்தது எனக்கு நல்ல தண்டனை.

அட்டவணையில் ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு வரிக் குறிப்பு எழுதுவது எங்கள் வழக்கம். ஒன்பதாவதற்கு நான் எழுதியதைத் தணிகாசலம் சார் இரண்டு தரம் படித்தார். அடிக்கவில்லை. இன்றைக்கும் அப்படியே இருக்கிறது: ‘வீட்டுக்கு மனைவியின் பெயரை வைப்பதாக வாக்குறுதி. எழுத்தில் இல்லை.’

பால் காய்ச்சிய அன்று

மாங்காட்டுக்குப் போயிருந்தேன். வாழைமரம் கட்டியிருந்தது. கல் வெட்டுகிறவர் பலகையில் கன்னியம்மாள் இல்லம் என்று அழகாக வெட்டித் தந்திருந்தார். அது மாடிப்படி ஏறுகிற இடத்தில் பதித்திருந்தது.

கீழே வாசல் நிலைக்கு மேல், இத்தனை வருஷம் ஆணிகூட அடிக்காமல் கிடந்த அந்த ஒரு முழ இடத்தில், இரும்பில் வெட்டி ஒட்டிய எழுத்துகள். பச்சை பெயிண்ட் இன்னும் முழுசாகக் காயவில்லை. ‘ச’ ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ந்திருந்தது. காகிதத்தில் பெரிதாக எழுதி வாங்கி, அதைப் பார்த்துப் பார்த்து ஏகாம்பரமே வெட்டினாராம். நாலு நாள் ஆனதாம்.

வசந்தாம்மா புதுப்புடவையோடு என் கையைப் பிடித்து இழுத்து வாசலில் நிறுத்தினார்.

“படி மேடம்.”

“வசந்தா இல்லம்.”

அண்ணாந்து எழுத்துகளைப் பார்த்தார். அப்புறம் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

“நீயா சேத்து ஒண்ணும் படிக்கலியே?”

“இல்லை வசந்தாம்மா. இருக்கிறதைத்தான் படிக்கிறேன்.”

“அப்ப இன்னொரு தபா படி” என்றார்.